பிராசினோஸ்டீராய்டு ஏற்பி

பிராசினோஸ்டீராய்டு ஏற்பி என்பது, தாவரங்களின் ஸ்டீராய்டு வகை இயக்குநீரான பிராசினோஸ்டீராய்டை உயிரணுவின் மேற்பரப்பில் இனங்கண்டு, அச்செய்தியை உயிரணுவினுள் கடத்தும் புரதம் ஆகும். இவ்வேற்பிகளில் முதன்மையானது பி.ஆர்.ஐ.1 எனப்படும். அராபிடாப்சிஸ், நெல், வாற்கோதுமை, தக்காளி, பட்டாணி உள்ளிட்ட பல தாவரங்களில் இதன் மரபணு அறியப்பட்டுள்ளது. ஏற்பியின் அமைப்பு இத்தாவரங்களில் பெரிதும் ஒத்திருப்பினும், அது பழுதுறும்போது விளையும் மாற்றங்கள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு பயிர்களின் உயரத்தையும் விளைச்சலையும் தீர்மானிப்பதால் வேளாண்மையிலும் முக்கியத்துவம் பெறுகிறது.

இயக்குநீர்

1970 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப் செடியின் மகரந்தத்தில் தண்டின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் இருப்பதைக் கண்டு அதற்குப் பிராசின் எனப் பெயரிட்டனர். 1979 இல் தேனீக்கள் திரட்டிய ஏறத்தாழ 227 கிலோகிராம் மகரந்தத்திலிருந்து 4 மில்லிகிராம் அளவே தூய பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. எக்சு-கதிர்ப் படிகவியல் மூலம் அது ஒரு ஸ்டீராய்டு என உறுதி செய்யப்பட்டு, பிராசினோலைடு எனப் பெயர் பெற்றது. 1982 இல் செஸ்ட்நட் மரத்தில் பூச்சியால் உண்டாகும் கரணையிலிருந்து காஸ்டாஸ்டெரோன் என்னும் மற்றொரு சேர்மம் பெறப்பட்டது.

தாவரங்கள் கேம்பெஸ்டெரால் என்னும் தாவரக் கொழுப்பிலிருந்து காஸ்டாஸ்டெரோனைத் தொகுக்கின்றன. அராபிடாப்சிஸ் போன்ற தாவரங்களில் இது மேலும் ஒரு படி மாற்றமடைந்து பிராசினோலைடு ஆகிறது. நெல்லில் காஸ்டாஸ்டெரோனே செயல்வடிவமாகக் கருதப்படுகிறது. எனவே ஒரே குடும்ப ஏற்பி, வெவ்வேறு இனங்களில் சற்றே வேறுபட்ட இயக்குநீர் மூலக்கூறுகளுடன் பணிபுரிகிறது.

விலங்குகளின் ஸ்டீராய்டு ஏற்பியுடன் ஒப்பீடு

மனிதரின் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டெரோன், கார்ட்டிசோல் முதலிய ஸ்டீராய்டு இயக்குநீர்கள் உயிரணுவின் மென்சவ்வைக் கடந்து உட்சென்று, அங்குள்ள கரு ஏற்பிகளுடன் இணைகின்றன. இணைந்த ஏற்பி டி.என்.ஏ. மீது அமர்ந்து மரபணுக்களை நேரடியாக இயக்குகிறது. பூச்சிகளின் தோலுரிப்பு இயக்குநீரான எக்டைசோனும் இவ்வாறே செயற்படுகிறது. இவ்வகைக் கரு ஏற்பிகள் தாவரங்களில் இல்லை. தாவர ஸ்டீராய்டு உயிரணுவின் வெளிப்புறத்திலேயே பி.ஆர்.ஐ.1 புரதத்துடன் இணைகிறது. செய்தி மட்டுமே பல படிகள் வழியாகக் கருவை அடைகிறது.

இவ்வேற்பிகள் இவ்வளவு வேறுபட்டிருப்பினும், ஸ்டீராய்டைத் தொகுக்கும் நொதிகளில் ஒற்றுமை காணப்படுகிறது. டெட்2 என்னும் நொதி பழுதுற்ற அராபிடாப்சிஸ் செடி குள்ளமாகிறது. 1997 இல், இத்தகைய குள்ளச் செடியில் மனிதரின் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதிக்குரிய மரபணுவைச் செலுத்தியபோது அது மீண்டும் இயல்பாக வளர்ந்தது. ஸ்டீராய்டு ஆக்கத்தின் இப்படி தாவரத்துக்கும் விலங்குக்கும் பொதுவானது என்பதையும், அதனை உணரும் முறையே வேறுபட்டது என்பதையும் இது காட்டுகிறது.

கண்டறிதல்

இயக்குநீரை ஆக்க இயலாத குள்ளச் செடிக்கு வெளியிலிருந்து பிராசினோலைடு அளித்தால் அது வளரும். 1996 இல் விவரிக்கப்பட்ட பி.ஆர்.ஐ.1 மரபுப்பிறழ்வுச் செடியோ இயக்குநீர் அளித்த பின்னும் குள்ளமாகவே இருந்தது. குறை இயக்குநீரில் அன்று, அதை உணர்வதில் உள்ளது என்பது இதனால் புலனாயிற்று. 1997 இல் இம்மரபணு இனங்காணப்பட்டது. இயக்குநீர் இப்புரதத்துடன் நேரடியாக இணைவது 2005 இல் மெய்ப்பிக்கப்பட்டது. 2011 இல் ஏற்பியின் வெளிப்பகுதியின் முப்பரிமாண அமைப்பு வெளியானது.

அமைப்பும் செயற்பாடும்

ஏற்பியின் வெளிப்பகுதியில் லியூசின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த துண்டுகள் மீண்டும் மீண்டும் அமைந்து, சுருள்வில் போன்ற வடிவத்தைத் தருகின்றன. அராபிடாப்சிசில் இவை ஏறத்தாழ 25 ஆகும். இவற்றுக்கு இடையே, தீவு எனப்படும் ஏறத்தாழ 70 அமினோ அமிலங்கள் கொண்ட பகுதி உள்ளது. சுருளுக்கும் தீவுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் இயக்குநீர் பொருந்துகிறது. உட்பகுதி கைனேஸ் நொதியாகும்; இது பிற புரதங்களுடன் பாஸ்பேட்டைச் சேர்க்கும்.

இயக்குநீர் இல்லாதபோது பி.ஐ.என்.2 என்னும் நொதி, மரபணுக்களை இயக்கும் பி.இசட்.ஆர்.1, பி.இ.எஸ்.1 ஆகிய புரதங்களுக்குப் பாஸ்பேட்டேற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. இயக்குநீர் பொருந்தியவுடன், அது பசைபோல் நின்று பி.ஆர்.ஐ.1 ஐயும் பி.ஏ.கே.1 என்னும் துணை ஏற்பியையும் இணைக்கிறது. இரண்டின் கைனேஸ் பகுதிகளும் ஒன்றையொன்று தூண்ட, செய்தி தொடர்ந்து சென்று பி.ஐ.என்.2 ஐ அடக்குகிறது. பாஸ்பேட் நீங்கிய பி.இசட்.ஆர்.1, பி.இ.எஸ்.1 ஆகியவை கருவினுள் சென்று உயிரணு நீட்சிக்குரிய மரபணுக்களை இயக்குகின்றன.

2000 ஆம் ஆண்டில் அராபிடாப்சிஸ் ஏற்பியின் வெளிப்பகுதி, நெல்லின் நோயெதிர்ப்புப் புரதமான எக்ஸ்.ஏ.21 இன் கைனேஸ் பகுதியுடன் ஒட்டப்பட்டு, நெல் உயிரணுக்களில் செலுத்தப்பட்டது. பிராசினோஸ்டீராய்டு அளித்ததும் அவ்வுயிரணுக்கள் நோய் தாக்கியது போன்ற எதிர்ப்பைக் காட்டின. இயக்குநீரை உணர்வது வெளிப்பகுதி என்பதும், விளைவைத் தீர்மானிப்பது உட்பகுதி என்பதும் இதனால் தெளிவாயின.

பல்வேறு தாவரங்களில்

* அராபிடாப்சிஸ்: பி.ஆர்.ஐ.1 தவிர பி.ஆர்.எல்.1, பி.ஆர்.எல்.3 ஆகியனவும் இயக்குநீரை ஏற்கின்றன. இவை முதன்மையாகக் கடத்து திசுக்களில் செயற்படுகின்றன. 2018 இல் பி.ஆர்.எல்.3 மிகுதியாக ஆக்கப்பட்ட செடிகள் வளர்ச்சி குன்றாமலே வறட்சியைத் தாங்கியது அறிவிக்கப்பட்டது.
* நெல்: ஏற்பி பழுதுற்ற டி61 வகைகள் 2000 இல் விவரிக்கப்பட்டன. இவை குட்டையாகவும் இலைகள் நிமிர்ந்தும் காணப்படுகின்றன.
* வாற்கோதுமை: ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் பயிரிடப்பட்ட ஊசு என்னும் அரைக்குள்ள வகையில், ஏற்பியின் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியுள்ளது. இது 2003 இல் கண்டறியப்பட்டது. உழவர்கள் காரணம் அறியாமலே தெரிந்தெடுத்த பண்பு இது.
* பட்டாணி: எல்.கே.ஏ. என்னும் குட்டை வகையில் ஏற்பி பழுதுற்றுள்ளது; எல்.கே.பி. என்னும் வகையில் இயக்குநீர் ஆக்கமே குறைவுற்றுள்ளது.
* தக்காளி: கர்ல்3 என்னும் மிகக் குள்ளமான வகை ஏற்பிப் பழுதால் உண்டானது.

தக்காளி ஏற்பி பற்றிய விவாதம்

பூச்சி கடித்த தக்காளிச் செடியில் தற்காப்பைத் தூண்டும் சிறு புரதம் சிஸ்டமின் ஆகும். 2002 இல் இதன் ஏற்பி எனப் பிரித்தெடுக்கப்பட்ட புரதமும், தக்காளியின் பிராசினோஸ்டீராய்டு ஏற்பியும் ஒன்றே எனத் தெரிந்தது. ஒரே ஏற்பி வளர்ச்சிக்கும் தற்காப்புக்கும் பயன்படுகிறது என்னும் கருத்து இதனால் பரவியது. ஆனால் 2007 இல், இவ்வேற்பி முற்றிலும் இல்லாத செடிகளும் சிஸ்டமினுக்கு வினைபுரிவது காட்டப்பட்டது. 2018 இல் சிஸ்டமினுக்குரிய தனி ஏற்பி அறியப்பட்டது. ஒரு பொருள் ஒரு புரதத்துடன் ஒட்டுவது மட்டுமே அதனை ஏற்பி எனக் கொள்ளப் போதுமான சான்றன்று. அப்புரதத்தை நீக்கியதும் வினை மறைய வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

எனினும் துணை ஏற்பியான பி.ஏ.கே.1, பாக்டீரியாக்களை இனங்காணும் ஏற்பிகளுடனும் இணைந்து பணிபுரிகிறது. ஆகவே வளர்ச்சியும் தற்காப்பும் முற்றிலும் தொடர்பற்றவை அல்ல.

வேளாண் முக்கியத்துவம்

இலைகள் நிமிர்ந்திருந்தால் கீழ் இலைகளுக்கும் ஒளி கிடைப்பதால், நெல்லை நெருக்கமாக நடலாம். 2006 இல் வெளியான ஆய்வில், நெருக்கமாக நடப்பட்ட டி61-7 நெல்லின் மொத்த உயிர்ப்பொருள் ஏறத்தாழ 35% உயர்ந்தது. ஆனால் மணிகள் சிறுத்ததால் தானிய விளைச்சல் உயரவில்லை. ஏற்பியின் செயலை ஓரளவு மட்டும் குறைத்த மரபணு மாற்று நெல்லில், மணியின் அளவு குன்றாமல் விளைச்சல் ஏறத்தாழ 30% உயர்ந்ததாக அதே ஆய்வு மதிப்பிட்டது. ஏற்பியை முழுதும் முடக்குவதைவிட அளவோடு தணிப்பதே பயன் தரும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. 2023 இல் கோதுமையிலும், இச்செய்தி கடத்தலைத் தணிக்கும் மரபணு நீக்கம் ஒன்று விளைச்சல் மிக்க அரைக்குள்ளப் பயிரைத் தருவது அறிவிக்கப்பட்டது.

மாறாக, ஏற்பியை வெளியிலிருந்து தூண்டும் முறையும் உண்டு. 28-ஹோமோபிராசினோலைடு கொண்ட தெளிப்புகள் இந்தியாவில் பயிர் வளர்ச்சி ஊக்கியாக விற்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* ஆக்சின்
* ஜிப்பெரெலின்
* தாவர இயக்குநீர்
* பசுமைப் புரட்சி