அழகிய தீவில் வியர்வைச் சுவடுகள்

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு அப்பால் உலகைக் காணாதவருக்கும் பிஜித் தீவுகளின் வண்ணப்படம் புதிதன்று. பசிபிக் பெருங்கடலில் 300-க்கும் மேற்பட்ட தீவுகள், தென்னஞ்சோலைகள், பவளப்பாறைகள் அரண் செய்யும் நீலக்கடல். பெருந்தீவாகிய விட்டி லெவுவில் 1,324 மீட்டர் உயர்ந்து நிற்கிறது தொமனிவி மலை. இவ்வெழிலைக் காணப் பயணிகள் திரளாகச் செல்கின்றனர்.

ஆயினும், மலைக்கும் கடலுக்கும் இடையே விரிந்த கரும்புக் காட்டை நாம் எப்படிப் பார்க்கிறோம்? அது இயற்கை தானாகத் தந்த காட்சியன்று. 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. வட ஆர்க்காட்டுத் தமிழர் பலர் அவற்றில் ஏறினர். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்பது விதித்த கூலி. அவ்வாழ்வை அவர்கள் 'நரகம்' என்றே அழைத்தனர்.

இன்று பயணிகள் வியந்து நோக்கும் பவளப்பாறையும் உயிர்களைப் பலிகொண்டதுண்டு. கல்கத்தாவிலிருந்து வந்த 'சிரியா' கப்பல் 1884 மே 11 அன்று நசிலாய்ப் பாறையில் மோதியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கரும்புத் தோட்டப் பெண்களின் துயரைப் பாரதியார் பாடினார். 1920-இல் ஒப்பந்த முறை ஒழிந்தது. தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாந்தி நகரில் முருகனுக்குக் கோயில் எழுப்பியுள்ளனர்.

படைப்பின் அழகைக் கண்டு மகிழ்வது நன்றே. அம்மண்ணைப் பண்படுத்திய கைகளை மறந்து மகிழ்வதோ அரைப்பார்வையே ஆகும். பொங்கலுக்குக் கரும்பை ஒடிக்கும் நாமும் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.