சரளை மேடும் நகரத்தின் நீரும்

ஒரு நகரம் மேலெழுகையில், அதன் அயலில் எங்கோ ஒரு நிலம் தாழ்ந்து போகின்றது. ரொறன்ரோவில் நாம் குடியிருக்கும் மாடிக் கட்டடங்களும், நாளாந்தம் பயணஞ் செய்யும் 401 ஆம் இலக்க நெடுஞ்சாலையும் கல்லும் சரளையும் மணலும் இன்றி எழுந்தவையல்ல. இவை எங்கிருந்து வந்தன, எடுத்த இடத்திற்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

நகருக்கு வடக்கே ஓக் றிட்ஜஸ் என்னும் மேட்டு நிலம் ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கின்றது. பனியுகத்தின் இறுதியில் உருகியோடிய நீர் குவித்துச் சென்ற மணலும் சரளையுமே இம்மேடு. மழையும் உருகிய பனியும் இதனூடே வடிந்து நிலத்தடி நீராகின்றன. ஹம்பர், டொன், றூஜ் ஆறுகள் இங்கேதான் ஊற்றெடுக்கின்றன. நகரம் வேண்டுகின்ற சரளையே அதன் ஆறுகளுக்கு நீரூட்டுகின்ற சரளையுமாகும். சுண்ணக்கல்லுக்குள் ஊறிய நீரைக் கிணற்றில் அள்ளிக் குடித்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தோருக்கு இது விளங்காத பாடமன்று.

இரண்டாம் உலகப் போரின் பின் ரொறன்ரோ விரைந்து பெருகியது. சரளை பாரம் மிக்கது, விலையோ குறைந்தது. தொலைவிலிருந்து ஏற்றிவரின் பொருளின் விலையை வண்டிக்கூலி விஞ்சிவிடும். ஆதலால் குழிகள் நகரின் அருகிலேயே தோண்டப்பட்டன. புழுதியும் பார ஊர்திகளின் இரைச்சலும் அயற் கிராமங்களின் பங்காயின. தோண்டி முடித்த குழிகள் பல அப்படியே கைவிடப்பட்டன.

1962 இல் மில்ற்றன் நகருக்கு அருகே, நயாகராச் செங்குத்துப் பாறைத்தொடர் கல்லுக்காக வெடிவைத்துப் பிளக்கப்பட்டது. அந்த இடைவெளி நெடுஞ்சாலையிற் சென்றோர் கண்களுக்குத் தப்பவில்லை. மக்களிடையே கண்டனம் எழுந்தது. தொடரைப் பேணும் வழிகளை ஆராய்ந்த லெனாட் கேட்லரின் அறிக்கை 1968 இல் வெளியாயிற்று. 1971 இல் கற்குழிகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும், 1973 இல் பாறைத்தொடரைப் பேணுதற்கான சட்டமும் பிறந்தன.

1990 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், அகழ அகழ நிலத்தைச் சீரமைத்தல் வேண்டுமென விதித்தது. தொன் ஒன்றுக்கு 6 சதம் அறவிடப்பட்டது. அதில் அரைச் சதம் கைவிடப்பட்ட பழைய குழிகளைச் சீர்செய்ய ஒதுக்கப்பட்டது. நிலத்தடி நீர்மட்டத்திற்கு மேலே மட்டும் அகழ உரிமம் பெற்ற சரளைக் குழிகள், அம்மட்டத்திற்கு 1.5 மீற்றர் மேலேயே நின்றுவிடல் வேண்டும். ஓக் றிட்ஜஸ் மேட்டைக் காக்கும் சட்டம் 2001 இல் நிறைவேறியது. மேட்டின் உயிர்நிலையான பகுதிகளில் புதிய குழிகள் தடுக்கப்பட்டன. ஆயினும் முன்னரே உரிமம் பெற்றவை தொடர்ந்தன.

இச்சட்டங்கள் தாமாகப் பிறந்தவையல்ல. குடிமக்கள் கண்டார்கள், கேட்டார்கள், ஓயாது கேட்டார்கள். இன்றும் புதிய குழிக்கு உரிமம் கோரப்படின் அறிவித்தல் வெளியாகும்; குறித்த காலத்துள் எவரும் எழுத்தில் ஆட்சேபந் தெரிவிக்கலாம். ஆங்கிலம் அறிந்த நம் பிள்ளைகள் அவ்வறிவித்தல்களை வாசித்துப் பெற்றோருக்கு விளக்குவார்களாக. வந்து சேர்ந்த நிலத்தின் நீரைக் காப்பது, அந்நீரைப் பருகும் நமக்கும் உரிய கடன்.