வீடியோ கேம் துறை நுழைவு (மறைமலைநகர்)

வீடியோ கேம் துறை நுழைவு: கேம் உருவாக்கும் பணிக்குப் படிப்பாலும் பயிற்சியாலும் செல்லும் வழி. வாகனத் தொழிலால் வளர்ந்த மறைமலைநகரை ஒட்டிய காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி 1985இல் தொடங்கியது. இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இத்தகைய நிறுவனத்தில் பெறும் கல்வி அடித்தளம் தரும். ஆனால் திறமைக்குச் சான்று, முழுமையாக முடித்துக் காட்டிய ஒரு சிறு கேம்தான். எடுத்துக்காட்டாக, ஒரு கேம் நொடிக்கு 60 ஃபிரேம் (திரைக்காட்சி) வீதம் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 16.7 மில்லிநொடிக்குள் தயாராக வேண்டும். அந்தக் கணக்கு செய்து பார்த்தால்தான் கைவரும். பட்டம் இல்லாவிட்டால் நேர்காணலுக்கே அழைப்பு வராது என்பர். பல நிறுவனங்களில் அது உண்மைதான். அணிக்கணிதமும் இயற்பியலும் வகுப்பறையில் ஒழுங்காகப் படிகின்றன என்பதும் உண்மை. ஆனால் கேம் உருவாக்க உதவும், கட்டணமில்லாத ‘கோடோ’ மென்பொருளைக் கொண்டு படிக்கும்போதே கேம் செய்யலாம். கனடாவில் ஒரு சிறு குழு 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற கேம், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் கதைக்களமாக்கி 2024இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதை வென்றது. ஆகவே மாணவர் பட்டத்துக்காகக் காத்திராமல், படிப்போடு படைப்பையும் தொடங்குவதே சரியான வழி.