வடகலை - தென்கலை அருள் விவாதம்

இறைவனின் அருள் காரணம் கருதி வருவதா, காரணமின்றித் தானே வருவதா என்பது குறித்துத் தமிழ் வைணவத்தில் எழுந்த இறையியல் விவாதம் வடகலை - தென்கலை அருள் விவாதம் எனப்படுகிறது. பொ.யு. 13, 14-ஆம் நூற்றாண்டு ஆசாரியர்களின் நூல்களில் இதன் வேர்கள் உள்ளன. பின்னர் இது ஸ்ரீவைஷ்ணவம் இரு கலைகளாகப் பிரிந்ததன் அடையாளமாக ஆனது. கிறிஸ்தவத்தில் கால்வினியர்க்கும் ஆர்மீனியர்க்கும் இடையே நடந்த தெரிவு பற்றிய விவாதத்துடன் இது பெரிதும் ஒப்பிடப்படுகிறது.

பின்னணி

ராமானுஜர் (மரபுப்படி 1017-1137) பக்தியையும் சரணாகதியையும் வீடுபேற்றுக்கான வழிகளாக முன்வைத்தார். சரணாகதி மனிதன் செய்யும் ஒரு செயலா என்ற கேள்வி அவருக்குப் பின்வந்தோரிடம் வலுத்தது. செயல் என்றால், வீடுபேறு அச்செயலின் பயன் ஆகிவிடும். செயல் அல்ல என்றால், ஒருவர்க்கு அருள் கிடைத்து மற்றவர்க்குக் கிடைக்காமல் போவது ஏன் என்பதற்கு விடை வேண்டும்.

திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசனபூஷணம், முமுக்ஷுப்படி முதலிய நூல்களில் இதற்கு ஒரு விடை கூறினார். காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் (1268-1369) ரகஸ்யத்ரயசாரத்தில் வேறொரு விடை கூறினார். திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது லோகாசாரியார் உற்சவ மூர்த்தியையும், தேசிகர் சுருதப்பிரகாசிகை என்னும் உரைநூலின் சுவடியையும் காத்ததாகக் குருபரம்பரை மரபு கூறுகிறது. இருவரையும் எதிரெதிர் அணியினராகக் காண்பது பிற்கால வழக்கம். லோகாசாரியாரைப் போற்றும் ஒரு தோத்திர நூல் தேசிகர் பெயரில் வழங்குகிறது.

இரு நிலைப்பாடுகள்

இவ்விவாதத்தை விளக்க இரு உவமைகள் வழங்குகின்றன. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். தாய் அதைச் சுமந்து செல்லும். இது மர்க்கட நியாயம், வடகலையின் உவமை. பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை. தாயே அதைக் கவ்விச் செல்லும். இது மார்ஜார நியாயம், தென்கலையின் உவமை.

உவமைகள் எளியவை, நூல்களின் வாதம் நுட்பமானது. மனித முயற்சியால் வீடுபேற்றை ஈட்டலாம் என்று தேசிகர் கூறவில்லை. சரணாகதியை அவர் 'வியாஜம்', அதாவது ஒரு சாக்கு என்கிறார். இறைவன் எல்லோரையும் காக்க விரும்புகிறான். ஆனால் எக்காரணமும் இன்றி ஒருவனைக் காத்து மற்றொருவனை விட்டால், அவன் மீது பாரபட்சம், இரக்கமின்மை என்னும் இரு குற்றங்கள் சேரும். அக்குற்றங்கள் சேராதிருக்க ஒரு சிறு சாக்கு வேண்டும். தேசிகரின் வாதம் இறைவனின் நீதியைக் காக்க எழுந்தது.

லோகாசாரியாரின் வாதம் உயிரின் இயல்பிலிருந்து தொடங்குகிறது. உயிர் இறைவனின் உடைமை. உடையவன் தன் பொருளைத் தான் எடுத்துக்கொள்ளும்போது அப்பொருள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. சரணாகதியையும் தன் முயற்சி என்று எண்ணுவது, உயிர் தன்னைத் தனக்கே உரியதாகக் கருதுவதாகும். இறைவனே வழி, அவன் காக்க வரும்போது விலக்காமல் இருப்பதே உயிரின் பங்கு. இந்த வாதம் இறைவனின் சுதந்திரத்தைக் காக்க எழுந்தது. மணவாள மாமுனிகள் (1370-1443) தம் உரைகள் வழியாக இக்கருத்தை நிலைபெறச் செய்தார்.

இறைவனின் குணம்

இரு கலைகளுக்கும் இடையிலான வேறுபாடுகளைப் பதினெட்டாகத் தொகுப்பது மரபு. ஆளகொண்டவில்லி கோவிந்தாசாரியார் 1910-இல் ராயல் ஆசியக் கழகத்தின் ஆங்கில இதழில் இவற்றைப் பட்டியலிட்டு எழுதினார். அவற்றுள் சில இறைவன் எத்தகையவன் என்பதையே பேசுகின்றன.

வாத்சல்யம் என்பது கன்றின் மேலுள்ள அழுக்கைப் பசு நக்கி உண்பதுபோல அடியவரின் குற்றத்தையே இறைவன் இனிதாகக் கொள்வது என்கிறது தென்கலை. குற்றத்தைப் பாராமல் விடுவதே வாத்சல்யம் என்கிறது வடகலை. தயை என்பது பிறர் துயர் கண்டு தானும் துயருறுவது என்பது தென்கலை நிலை. பிறர் துயரைப் போக்க விரும்புவது என்பது வடகலை நிலை.

இவ்விவாதத்துக்குச் சமூகப் பொருளும் உண்டு. தகுதி எதுவும் தேவையில்லை என்ற வாதம், பிறப்பால் வரும் தகுதியையும் கேள்விக்கு உட்படுத்தியது. அடியாரின் பிறப்பை ஆராய்வதை ஸ்ரீவசனபூஷணம் பெரும் குற்றமாகக் கண்டிக்கிறது. சப்தகாதையை இயற்றிய விளாஞ்சோலைப் பிள்ளை, தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில் பிறந்து லோகாசாரியாரின் சீடரானவர் என்பது மரபு.

கோயில்களும் வழக்குகளும்

இவ்விவாதம் பிற்காலத்தில் கோயில் உரிமைகளோடு பிணைந்தது. நெற்றியில் இடும் திருமண்காப்பில் பாதம் உண்டா இல்லையா, பிரபந்தம் ஓதும்முன் மணவாள மாமுனிகளின் தனியனைச் சொல்வதா தேசிகரின் தனியனைச் சொல்வதா, கோஷ்டியில் முன்நிற்பவர் யார் என்பவை பூசல்களுக்குக் காரணமாயின. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் பூசல்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் காலனிய ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்த பூசல்களை அர்ஜுன் அப்பாதுரை 1981-இல் வெளியான நூலில் ஆராய்ந்துள்ளார். நீதிமன்றங்களின் முன் வந்த கேள்வி அருளின் இயல்பு அல்ல, வழக்கமும் உரிமையுமே.

பேயாழ்வார் பிறந்த தலமாகக் கருதப்படும் மயிலாப்பூரில் கேசவப் பெருமாள் கோயிலும், வடகலை மரபைச் சார்ந்த வேதாந்த தேசிகர் சீனிவாசப் பெருமாள் கோயிலும் அருகருகே உள்ளன.

கிறிஸ்தவ ஒப்புமை

நெதர்லாந்தைச் சேர்ந்த யாக்கோபு ஆர்மீனியசு 1609-இல் மறைந்தபின், அவருடைய ஆதரவாளர்கள் 1610-இல் ஐந்து கோரிக்கைகளை எழுதினர். 1618-19-இல் கூடிய டார்ட் சபை அவற்றை நிராகரித்து, தேவனின் தெரிவு நிபந்தனையற்றது என்ற கால்வினிய நிலையை உறுதிசெய்தது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930-இல் வெளியிட்ட நூலில் வைணவ அருட்கோட்பாட்டைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டார்.

தென்கலையைக் கால்வினியத்துடனும் வடகலையை ஆர்மீனியத்துடனும் இணைப்பது ஓரளவே பொருந்தும். கால்வினியத்தில் தெரிந்துகொள்ளப்படாதவர்க்கு நித்திய தண்டனை உண்டு. மறுபிறவியை ஏற்கும் வைணவத்தின் இரு கலைகளிலும் என்றைக்குமாகக் கைவிடப்படும் உயிர் இல்லை. இன்று அருள் பெறாதவர் இன்னொரு பிறவியில் பெறலாம். சில உயிர்களுக்கு என்றுமே வீடுபேறில்லை என்னும் கருத்து மத்வரின் துவைதத்தில்தான் உள்ளது.

கிறிஸ்தவ விவாதத்தின் இரு மரபுகளும் சென்னையில் சந்தித்தன. ஆர்மீனியக் கருத்தை ஏற்ற ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும், கால்வினிய மரபில் வந்த பிரஸ்பிட்டேரியர்களை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையினரும், ஆங்கிலிக்கர்களும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபையை உருவாக்கினர். தெரிவு பற்றிய கேள்விக்கு ஒரே விடை காண்பது அந்த இணைப்பின் நிபந்தனையாக இருக்கவில்லை.

மதிப்பீடு

இரு கலைகளும் ஒரே ஆழ்வார்களையும் ஒரே ராமானுஜரையும் ஏற்பவை. வீடுபேறு இறைவன் தருவது என்பதிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நீதியில்லாத அன்பு பாரபட்சமாகும் என்ற கவலை ஒரு பக்கமும், நிபந்தனையுள்ள அன்பு பேரமாகும் என்ற கவலை மறுபக்கமும் இவ்விவாதத்தை இயக்கின.