சைக்கிளைத் தோளில் சுமந்தவர்கள்



ஐரோப்பாவில் மாரி காலத்தில் சைக்ளோகுறொஸ் என்று ஒரு சைக்கிளோட்டப் போட்டி நடக்கும். சேறு, மணல், புல்வெளி, படிகள், குறுக்கே பலகைத் தடுப்புகள். ஓட முடியாத இடத்தில் வீரர் இறங்கிச் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார். கைத்தொலைபேசியில் இதைப் பார்த்த ஒரு மாணவி, "தூக்கிக்கொண்டு ஓடுறதெண்டால் சைக்கிள் எதுக்கு சேர்?" என்று கேட்டாள். பதில் தேடப் போனேன். அது எங்கட ஊர்ச் சைக்கிளின் கதையில் கொண்டுவந்து விட்டது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது தொடங்கியது பிரான்சில். 1902இல் டானியல் கூசோ என்ற இராணுவ வீரர் அங்கே முதலாவது தேசியப் போட்டியை ஒழுங்கு செய்தார். தார் றோட்டில் ஓடும் வீரர்கள் குளிர் காலத்தில் உடம்பு தளராமல் இருக்கத்தான் சேற்றில் ஓடினார்கள். 1910இல் 'ரூர் டி பிரான்ஸ்' போட்டியை வென்ற ஒக்டாவ் லப்பீஸ், தன் வெற்றிக்கு இந்தச் சேற்றுப் பயிற்சியையே காரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கனபேருக்கு இதில் ஆசை வந்தது. முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில் நடந்தது. ஜோன் றொபிக் வென்றார்.

தூரத்தில் நின்று பார்த்தால் சைக்ளோகுறொஸ் சைக்கிளும் தார் றோட்டில் ஓடும் றேஸ் சைக்கிளும் ஒன்றுதான். அதே வளைந்த ஹாண்டில், அதே மெல்லிய சட்டகம். கிட்டப் போனால் தெரியும். றேஸ் சைக்கிளின் ரயர் 25, 28 மில்லிமீற்றர் அகலம், வழுவழுப்பானது, கல்லுப் போலக் காற்றடித்திருப்பார்கள். சைக்ளோகுறொஸ் ரயரில் பொத்தான் பொத்தானாகப் பிடி இருக்கும். காற்றையும் குறைத்து விடுவார்கள், அப்போதுதான் ரயர் கொஞ்சம் சப்பளிந்து சேற்றைப் பிடிக்கும். உலகப் போட்டிகளில் 33 மில்லிமீற்றருக்கு மேல் அகலம் கூடாது என்பது சட்டம். பெடல் பூட்டியிருக்கிற அச்சு கொஞ்சம் உயரத்தில் இருக்கும், தடுப்பில் இடிபடாமல். முன் போக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும், சறுக்கும்போது ஹாண்டில் துள்ளாது. தோளில் போடும்போது அறுத்துவிடாமல் இருக்க, முன்பெல்லாம் பிறேக் கம்பிகளைப் பாருக்குக் கீழே விடாமல் மேலாகக் கொண்டுபோனார்கள்.

முக்கியமானது இடைவெளி. றேஸ் சைக்கிளில் ரயருக்கும் போக்குக்கும் இடையில் விரல் நுழையாது, முன்பு பிறேக்கும் ரயருக்கு மேலே வளைந்து நின்றது. சேறு வந்தால் அடைத்துச் சில்லு நின்றுவிடும். அதனால்தான் சைக்ளோகுறொஸ்காரர் இரு பக்கமும் விலகி நிற்கும் பிறேக்கைப் பூட்டினார்கள். 2010இலிருந்து தட்டுப் பிறேக்குக்கும் அனுமதி வந்தது. அப்படியிருந்தும் அடைக்கும். ஓட்டத்தின் நடுவிலேயே சைக்கிளை மாற்றிக்கொண்டு போவார்கள். ஒன்றைக் கழுவிக்கொண்டிருக்க மற்றதில் ஓடுவார்.

உடுவில், இணுவில், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டப் பக்கத்து ஒழுங்கையால் வந்தால், பத்துப் பாகம் போகமுன் மட்காட்டுக்குள் மண் இறுகிச் சில்லு சுத்தாது. இறங்கி ஒரு தடியால் சுரண்டுவோம். இல்லையென்றால் மட்காட்டையே கழற்றி விடுவோம். எங்களுக்கு மாற்றுச் சைக்கிளும் இல்லை, கழுவித் தர ஆளும் இல்லை.

எங்கள் அப்பாக்கள், அப்பப்பாக்கள் ஓடிய ரலி, ஹம்பர், பிறகு வந்த லுமாலா எல்லாம் இங்கிலாந்து மாதிரியில் செய்த 'பெரிய சைக்கிள்'. ஆவணத்தில் 'துவிச்சக்கர வண்டி' என்று எழுதுவோம், வாயால் சொன்னவரை நான் கண்டதில்லை. 28 அங்குலச் சில்லு, ஒன்றரை அங்குல ரயர். அதாவது 40 மில்லிமீற்றரளவில், சைக்ளோகுறொஸ் சட்டம் விடுவதை விடவும் அகலம்! முன் போக்கின் சாய்வும் கூட. அதனால்தான் குண்டும் குழியுமான றோட்டிலும், கரியரில் ஒரு மூடை, பாரில் ஒரு பிள்ளை என்று ஏற்றிக்கொண்டு ஆடாமல் போனது. குறை இரண்டு. பாரம், இருபது கிலோவுக்குக் கிட்ட வரும். மற்றது கம்பிப் பிறேக். மழையில் நனைந்த இரும்பு றிம்மை அது பிடிக்கும் என்று நம்பி இறங்கினவர்கள் வேலியில்தான் நின்றார்கள்.

1990இல் பாதை அடைபட்டு, பெற்றோலும் மின்சாரமும் இல்லாமல் போனபோது இந்தப் பாரச் சைக்கிள்தான் குடாநாட்டைச் சுமந்தது. நோயாளி, விறகு, வெங்காயம், பிரேதப்பெட்டி எல்லாம் அதில் போயின. தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்துக் கட்டி ஓடினார்கள். ஆனையிறவு வழி மூடியிருந்த காலத்தில் கொம்படி–ஊரியான் பாதையில் தண்ணீருக்குள்ளும் சேற்றுக்குள்ளும் சைக்கிளைத் தள்ளினார்கள், தள்ள முடியாத இடத்தில் தூக்கினார்கள். பிறகு கிளாலியில் இரவோடு இரவாக வள்ளத்தில் ஏற்றினார்கள். அந்தக் கடலில் உயிர் விட்டவர்களும் உண்டு. சைக்ளோகுறொஸ் வீரர் ஒரு மணித்தியாலம் சுமப்பார், முடிவில் கைதட்டு. அவர் சைக்கிள் எட்டுக் கிலோ.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் வரலாறு படிப்பிக்கிறேன் என்று சொல்லக் கூடாது. 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். சோனகதெரு வீடுகளில் சைக்கிள்கள் சுவரில் சாத்தியபடி நின்றன. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30, வலிகாமத்துச் சனம் கொட்டுகிற மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. சைக்கிளில் ஏறி ஓட இடமில்லை, மூட்டைகளைக் கட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. காரணம் வேறு, தன்மை வேறு. ஒரு சமூகத்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவும் விடப்படவில்லை, அது வேறு கணக்கு. ஆனால் எங்கள் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைத்தான் வீட்டில் கேட்டு வளர்கிறார்கள். சோனகதெருப் பிள்ளைக்கு 95 தெரியாது, உடுவில் பிள்ளைக்கு 90 தெரியாது.

இப்ப காங்கேசன்துறை வீதி கார்பெட் றோட். மெல்லிய ரயர் சைக்கிளும் வழுக்கிக்கொண்டு போகும். பெரிய சைக்கிள்கள் மாட்டுக் கொட்டிலிலும் வேலியோரத்திலும் கறள் பிடித்துக் கிடக்கின்றன, கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போகின்றன. எனக்கு ஒரு உதவி வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நின்றால், விற்கமுன் ஒரு படம் எடுங்கள். எந்த ஆண்டு வாங்கியது, யார் ஓடியது, கொம்படியா, கிளாலியா, நாவற்குழியா, எந்தப் பாதையால் போனது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். 90இல் விட்டுப்போன சைக்கிள் என்றால் அதன் நிறமும் பெயரும் ஞாபகம் இருந்தாலே போதும், அதையும் எழுதித் தாருங்கள். பள்ளிக்கூடம் வரும் பிள்ளையிடம் கொடுத்து விட்டால் என் கைக்கு வந்து சேரும்.