அமெரிக்க வேடமும் பிரெஞ்சுப் பேனாவும்

துப்பறியும் நாவல்களைப் படிப்பது வீண்பொழுது என்று இகழ்வோர் பலர். அவ்விகழ்ச்சியில் நாம் சேர்வதற்கில்லை. ஒரு நாட்டு மக்கள் பொழுதுபோக்காக எதைப் படித்தனர் என்று ஆராய்வோமாயின், அவர்கள் எவர் பெயருக்கு மதிப்பளித்தனர் என்பது தானே விளங்கும். பிரெஞ்சு நாட்டுச் சரித்திரம் இதற்குத் தக்க சான்று.

1940-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. புதிய ஆங்கில நூல்களின் வரவு நின்றது. சரக்கு நின்றதேயன்றி, அதன்மீதிருந்த மோகம் நிற்கவில்லை. லியோ மாலே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1941-ல் பிராங்க் ஹார்டிங் என்ற பொய்ப்பெயர் பூண்டு, ஜானி மெட்டல் என்னும் அமெரிக்க நிருபனை வீரனாக்கிக் கதை புனைந்தார்.

போர் முடிந்த 1945-ல், மார்செல் துவாமெல் என்பவர் கலிமார் பதிப்பகத்தில் ‘கறுப்பு வரிசை’ என்னும் நூல்வரிசையைத் தொடங்கினார். அதன் முதலிரு நூல்களுக்கும் வீரன் லெம்மி காஷன். அவன் அமெரிக்க அரசின் துப்பாளன். முட்டிக்கும் மதுவுக்கும் அஞ்சாதவன். அவனைப் படைத்த பீட்டர் செய்னியோ லண்டனிற் பிறந்த ஆங்கிலேயர்! 1948-ல் அவ்வரிசையில் இடம்பெற்ற செர்ஜ் ஆர்க்குவே என்னும் பிரெஞ்சுக்காரரும் டெர்ரி ஸ்டூவர்ட் என்ற பெயரிலேயே நுழைந்தார்.

நிற்க. இவ்வேடங்களுள் மிக்க துயர் விளைத்தது போரிஸ் வியானுடையது. 1946-ல் அவர் இரண்டு வாரங்களில் ஒரு நாவல் எழுதி, அது வெர்னன் சல்லிவன் என்னும் அமெரிக்க நீக்ரோ எழுதியது என்றும், தாம் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே என்றும் வெளியிட்டார். வெள்ளையரால் கொல்லப்பட்ட தம்பிக்காகப் பழிவாங்கும் ஒருவனின் கொடூரக் கதை அது. புத்தகம் அமோகமாக விற்றது, வழக்கும் வந்தது. 1950-ல் நீதிமன்றம் அவருக்கு 1,00,000 பிராங்கு அபராதம் விதித்தது. அவர் தம் சொந்தப் பெயரில் 1947-ல் வெளியிட்ட ‘நாட்களின் நுரை’ என்னும் நாவலையோ வாங்குவார் இல்லை. 1959-ல், முதற்சொன்ன நாவலின் திரைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், தமது 39-ம் வயதில் அவர் மாண்டார். அதன் பின்னரே ‘நாட்களின் நுரை’ புகழெய்திற்று. இல்லாத அமெரிக்கனுக்குக் கிடைத்த வரவேற்பு, இருந்த பிரெஞ்சுக்காரனுக்கு உயிரோடிருக்கும்வரை கிடைக்கவில்லை.

அங்ஙனமாயின் பிறநாட்டு முறையைக் கற்பதே தவறோ? அன்று. முதலில் வேடம் பூண்ட மாலேயையே மீண்டும் நோக்குவோம். 1943-ல் அவர் தம் சொந்தப் பெயரில், நெஸ்டர் பர்மா என்னும் பிரெஞ்சுத் துப்பறிவோனைப் படைத்தார். ஜெர்மன் சிறைமுகாமிலிருந்து மீண்டவன் பர்மா; மாலேயும் அத்தகைய முகாமில் அடைபட்டிருந்தவரே. மிடுக்கும் குத்தலான பேச்சும் அமெரிக்கருடையவை. தெருவும் பசியும் குளிரும் பிரெஞ்சு மக்களுடையவை. 1954 முதலாகப் பாரிஸின் வட்டாரம் ஒன்றுக்கு ஒரு நாவலாகப் பதினைந்து வட்டாரங்களை அவர் எழுதினார். அந்நகரத்தார் தம் தெருக்களை அக்கதைகளிற் கண்டனர்.

இரவல் வாங்கிய கருவியால் தன் நிலத்தை உழலாம். விளைச்சலுக்கும் இரவல் பெயர் சூட்டுவது எதற்கு? சீமைப் பெயரென்றால் விலை கேளாது வாங்குவதும், நம்மவன் பெயரென்றால் புரட்டியும் பாராது வைப்பதும் எந்நாட்டில் நிகழினும், அந்நாட்டு எழுத்தாளன் முகமூடி தேடியே தீர்வான். அம்முகமூடியைச் செய்பவன் எழுத்தாளன் அல்லன், வாசகனே. வாசகர்கள் இதனைச் சிந்திப்பார்களாக!