கோபான்: வரிசை குலைந்த படிகள்

1839 நவம்பரில், ஹோண்டுராசின் மேற்கெல்லையில் ஓடும் கோபான் ஆற்றைக் கடந்து இருவர் காட்டுக்குள் நுழைந்தனர். ஒருவர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞர், பயண நூலாசிரியர். மற்றவர் பிரெடெரிக் கேதர்வுட், எகிப்தியச் சின்னங்களை வரைந்து பழகிய ஆங்கிலேய ஓவியர். மாயா நகரங்களைக் 'கண்டுபிடித்தவர்கள்' என இவர்களைக் குறிப்பிடும் வழக்கம் உண்டு. அந்த நிலத்துக்கு உரிமை கொண்ட ஒருவர் அவ்வூரிலேயே இருந்தார். ஸ்டீபன்ஸ் அவரிடம் 50 டாலர் கொடுத்தே இடிபாடுகளைப் பெற்றார். எனவே அச்சொல்லை மேற்கோள்குறிக்குள் வைப்பதே நியாயம்.

கேதர்வுட் சேற்றில் நின்று, கொசுக்கடிக்கு அஞ்சிக் கையுறை அணிந்தபடி கல்தூண்களை வரைந்தார். தொடக்கத்தில் எதுவும் சரியாக அமையவில்லை. ஐரோப்பியக் கலையில் பழகிய கண்ணுக்கு அச்சிற்பங்களின் செறிவு பிடிபட நாளாயிற்று. அவற்றிலிருந்த சித்திர எழுத்துகளில் ஒன்றைக்கூட அவரால் வாசிக்க இயலாது. ஆயினும் தம் ஊகம் எதையும் கலக்காமல், கண்டதைக் கண்டவாறே பிரதிசெய்தார். அவ்வோவியங்களில் உள்ள குறிகள் பலவற்றை இன்றைய எழுத்தறிஞர்களால் வாசிக்க முடிகிறது.

கோபானின் வரலாறு இக்கற்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று 1841இல் வெளியான தம் நூலில் ஸ்டீபன்ஸ் எழுதினார். கட்டியவர்கள் எகிப்தியரோ தொலைந்துபோன வேறு இனத்தாரோ அல்லர், அம்மண்ணின் மக்களுடைய முன்னோரே என்றும் சொன்னார். இரண்டும் சரியே. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆய்வுலகில் கோலோச்சிய எரிக் தாம்சன் போன்றோர், கல்வெட்டுகளில் இருப்பவை காலக்கணக்கும் கோள்களும் தெய்வங்களுமே என்று நம்பினர். பதினாறு உருவங்கள் சுற்றி அமர்ந்திருக்கும் ஒரு பலிபீடம் வானியலாளர் மாநாடு என்றே விளக்கப்பட்டது! 1952இல் யூரி க்னோரோசோவ் இவ்வெழுத்துகள் ஒலிகளைக் குறிப்பவை என்று காட்டினார். அதுவரை ஒரு மாயா நகரத்தையும் நேரில் காணாதவர் அவர். 1960இல் தாத்தியானா ப்ரோஸ்கூரியாகோவ், பியெத்ராஸ் நெக்ராஸ் கல்தூண்களில் உள்ள நாட்கள் மன்னர்களின் பிறப்பையும் முடிசூடலையும் குறிப்பவை என நிறுவினார். அப்பீடத்தில் இருப்போர் கோபானின் பதினாறு மன்னர்கள். குலமுதல்வன் யாஷ் குக் மோ, 776இல் அதை நிறுவிய பதினாறாம் மன்னனுக்கு ஆட்சிச்சின்னத்தை அளிக்கிறான்.

அக்குலத்தின் பெருங்காயம் 738இல் நேர்ந்தது. கோபானுக்கு அடங்கியிருந்த கிரிகுவாவின் மன்னன், பதினூன்றாம் மன்னனைச் சிறைப்பிடித்துத் தலை கொய்தான். அடுத்த சில பத்தாண்டுகளில் பதினைந்தாம் மன்னன் ஒரு மாபெரும் படிக்கட்டைக் கட்டி முடித்தான். படிதோறும் எழுத்து, மொத்தம் 2000க்கும் மேற்பட்ட குறிகள். நாமறிந்த மாயாக் கல்வெட்டுகளில் இதுவே மிக நீளமானது. தோற்ற குலம் தன் பெருமையைத் தானே ஓதிக்கொண்ட வம்சாவளி என்று அதைச் சொல்லலாம்.

பிற்காலத்தில் படிகளில் பெரும்பாலானவை சரிந்தன. 1930களில் கார்னகி நிறுவனத்தார் கோபானில் பெரும்பணி செய்தனர். இடிபாடுகளை அரித்துக்கொண்டிருந்த ஆற்றையே திசைதிருப்பினர்; அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். படிக்கட்டையும் மீண்டும் அடுக்கினர். எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் அன்று உலகில் எவருமில்லை. கீழ்ப்படிகள் தம் இடத்திலேயே இருந்தன. மேலுள்ளவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழக் கைக்குக் கிடைத்த வரிசையில் பதிக்கப்பட்டன. இன்னும் இருபது ஆண்டுகள் பொறுத்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் எழுத்து என்றேனும் பேசும் என அவர்களுக்கு உறுதியளிக்க யார் இருந்தார்கள்?

1890களின் அகழ்வில் எடுத்த புகைப்படங்களைக் கொண்டு அறிஞர்கள் அவ்வரிகளைக் காகிதத்தில் மீண்டும் கோத்துவருகிறார்கள். கற்கள் 1930களின் வரிசையிலேயே இருக்கின்றன.